“எப்பதான் கூட்டிக்கினு போவான்?”: காசிமேட்டில் ஒரு வீட்டுப் பராமரிப்பு நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் வீடு வீடாகப் போய் நோய் ஆதரவு சிகிச்சை தரும் ஒரு தொண்டு அறக்கட்டளையில் நான் செவிலியர். பேலியேட்டிவ் கேர் என்று பலரும் சொல்வது இதைத்தான். குணமாகாத நோயில் இருப்பவர்களின் வலி, வாந்தி, புண், மூச்சுத்திணறல், மனக்கஷ்டம் எல்லாவற்றையும் முடிந்தவரை குறைப்பது எங்கள் வேலை. ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு ஓட்டுநர், இவ்வளவுதான் குழு.

இங்கே எழுதுவது ஒரே ஒரு நோயாளியோடு கழிந்த 43 நாட்களைப் பற்றி. அவர் சாவைப் பற்றி அடிக்கடி பேசினார். அந்தப் பேச்சுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமலே நாங்கள் முதல் 11 நாட்கள் மருந்து மாற்றிக்கொண்டிருந்தோம். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பயன்படலாம் என்று குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

நோயாளிக்கு வயது 56. கணவர் இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்து 30 வருடம் விற்றவர். இரண்டு வருடங்களுக்கு முன் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சும் கீமோவும் முடித்தார். ஒரு வருடம் நன்றாக இருந்தார். பிறகு நோய் திரும்பி இடுப்புக்குள் பரவிவிட்டது. இனி நோயைக் குறைக்கும் சிகிச்சை பலன் தராது, வலிக்கு மட்டும் பார்க்கலாம் என்று மருத்துவமனையில் எழுதி எங்களிடம் அனுப்பினார்கள்.

வீடு வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஒரே அறை, ஒரு சின்ன சமையலிடம். மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மருமகள்தான் முழுநேரமும் பார்த்துக்கொள்பவர். பேத்திக்கு 9 வயது. தண்ணீர் கீழே அடிபம்பில் பிடித்து மேலே தூக்க வேண்டும்.

முதல் நாள்: படிக்கட்டில் கொடுத்த வாக்கு

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை போனோம். இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே மகன் எங்களை நிறுத்தினார். “சிஸ்டர், அம்மாவுக்கு இது கேன்சர்னு தெரியாது. கட்டின்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். தெரிஞ்சா அன்னிக்கே போயிடும். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.” சரி தம்பி என்றேன். அந்த ஒரு வார்த்தையில் நான் கையைக் கட்டிக்கொண்டதை அப்போது உணரவில்லை.

உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “இன்னா சிஸ்டரு, எப்பதான் என்னைக் கூட்டிக்கினு போவான்?” கையை மேலே காட்டினார். “அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா, வலி குறைஞ்சா எல்லாம் சரியாயிடும்” என்றேன். எங்கள் வேலையில் இருக்கிறவர்கள் சொல்லவே கூடாத பதில் அது. சொன்னேன்.

வலி எவ்வளவு என்று 10க்குக் கேட்டோம். 8 என்றார். இடுப்பிலிருந்து இடது கால் வரை மின்சாரம் இழுப்பது போல. தூக்கம் இல்லை. எங்கள் மருத்துவர் கடும் வலிக்குத் தரும் ஓபியம் வகை மருந்தான மார்ஃபின் மாத்திரையை, 5 மில்லிகிராம் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கினார். நடு இரவில் எழுப்பாமல் இருக்க, படுக்கும்போது மட்டும் இரட்டிப்பு. மார்ஃபின் எடுத்தால் மலச்சிக்கல் வந்தே தீரும் என்பதால் அதற்கும் தினம் மாத்திரை. நரம்பு வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின்.

மார்ஃபின் என்றதும் மகன் பயந்தார். வலி மாத்திரையைப் போதைக்காகக் கரைத்து ஊசி போடும் பையன்களை அந்தத் தெருவே பார்த்திருக்கிறது. போலீஸ் சோதனையும் அடிக்கடி நடக்கும். “வீட்ல இது இருந்தா எங்களைத் தூக்கிட மாட்டாங்களா?” நியாயமான கேள்வி. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மருத்துவத் தேவைக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொன்னோம். மருந்துச் சீட்டின் நகலை மாத்திரையோடு வைக்கச் சொன்னோம். டிரங்குப் பெட்டியில் பூட்டி, தினமும் எண்ணி, ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பதை மருமகள் ஏற்றுக்கொண்டார். 43 நாளும் அந்தக் கணக்கு ஒரு மாத்திரை கூடத் தப்பவில்லை.

எங்கள் நோயாளி அட்டையில் ஒரு கட்டம் உண்டு: ‘நோயாளிக்குத் தன் நோய் பற்றித் தெரியுமா? ஆம் / இல்லை’. மகன் சொன்னதை வைத்து ‘இல்லை’ என்பதில் டிக் அடித்தேன். நோயாளியிடம் கேட்கவில்லை.

வலி குறைந்தது, பேச்சு மாறவில்லை

4ஆம் நாள் வலி 6. மார்ஃபினை 10 மில்லிகிராமாக உயர்த்தினோம். 9ஆம் நாள் வலி 3. இரவில் தூங்கினார். இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தார். நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் கிளம்பும்போது மறுபடியும் அதே: “இன்னும் கூட்டிக்கினு போகலியே, சிஸ்டரு.”

வலிதான் காரணம் என்று நினைத்தோம், வலி குறைந்தும் பேச்சு நிற்கவில்லை. அடுத்து மனச்சோர்வாக இருக்கலாம் என்று மருத்துவர் நினைத்தார். அது தவறான யோசனை இல்லை. தீராத நோயில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது உண்டு, அதைச் சிகிச்சையால் குறைக்கவும் முடியும். ஆனால் இவர் பேத்தியின் பரிட்சை மார்க்கை விசாரித்தார், மருமகளிடம் வஞ்சிரம் இன்றைக்கு என்ன விலை என்று கேட்டு, சொன்ன விலைக்குத் திட்டினார். எதிலும் பிடிப்பு போன மனுஷியாக எனக்குத் தெரியவில்லை. மனநல மருந்து தொடங்குவதற்கு முன் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேசிப் பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

இங்கே நான் கவனித்தும் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் கட்டில் காலுக்குப் பக்கத்தில் மூன்று ஊதுவத்தி எரிந்துகொண்டிருக்கும், ஒரு தம்ளர் அரிசியில் செருகியபடி. சாமிக்கு என்று நினைத்துக்கொண்டேன். சாமி படம் எதிர்ச்சுவரில், அடுப்புக்கு மேலே இருந்தது.

12ஆம் நாள்: “போனா எது சரியாகும்மா?”

அன்று மருமகள் தண்ணீருக்குக் கீழே போயிருந்தார். சமூகப் பணியாளரைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். வழக்கமான பேச்சு வந்ததும் இந்த முறை ஆறுதல் சொல்லவில்லை. “கூட்டிக்கினு போயிட்டா எது சரியாகும்மா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். “நாத்தம் போவும்” என்றார்.

“மீன் நாத்தம் எனக்குச் சோறு போட்ட நாத்தம் சிஸ்டரு. பஸ்ல மூக்கைப் பொத்துவாங்க, நான் சிரிப்பேன். இது அது இல்ல. இது எனக்கே தாங்கல. பாப்பா முன்னெல்லாம் என் பக்கத்துலதான் தட்டை வெச்சிக்கும். இப்ப வாசல்ல உக்காந்து துன்னுது.”

இந்த நோயில் செத்துப்போன சதையில், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் சேரும். அந்த வாடைக்கு அவைதான் காரணம். எங்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம், மருந்தும் எங்கள் பையிலேயே இருந்தது. அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நாங்கள் வலியைப் பிடித்துக்கொண்டதால் கேட்கவில்லை. வெள்ளைப்படுதல் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு ‘உண்டு’ என்று எழுதியிருக்கிறேன். அது அவரை என்ன செய்கிறது என்று கேட்டதில்லை.

அந்தக் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கி, உப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு வைக்கச் சொல்லிக்கொடுத்தோம். வாய்வழியாகவும் ஒரு வாரம் கொடுத்தோம். மூடியே கிடந்த ஜன்னலைத் திறந்தோம். ரத்தம் பட்டால் பயம் வராமல் இருக்க, வெள்ளைத் துணிக்குப் பதில் அரக்கு நிறத் துண்டுகள் வாங்கி வரச் சொன்னோம். தினமும் துணி அலசத் தண்ணீர் தூக்கி மருமகளின் தோள் வீங்கியிருந்ததால், தூக்கிப்போடும் நாப்கின்களுக்கு அறக்கட்டளையில் ஏற்பாடு செய்தோம். மனநல மருந்து தொடங்கவில்லை.

தலையணைக்கு அடியில் இருந்த நோட்டு

15ஆம் நாள் வாடை பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. 17ஆம் நாள் போனபோது ஊதுவத்தித் தம்ளர் இல்லை. பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்து பாட்டியின் காலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று அவர் கேட்டது வேறு கேள்வி. “சிஸ்டரு, நான் எத்தினி நாள் இருப்பேன்?”

இதே மனுஷிதான் ஐந்து நாள் முன்பு வரை சீக்கிரம் போக வேண்டும் என்று சொன்னவர். ஏன்மா கேக்கறீங்க என்றேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். அட்டை கிழிந்து, மீன் செதில் ஒட்டிக் காய்ந்துபோன நோட்டு. குலுக்கல் சீட்டுக் கணக்கு. 20 பேர், மாதம் 1,000 ரூபாய், 20 மாதம். சீட்டைப் பிடித்து நடத்துபவர் இவர். 13 மாதம் முடிந்து 13 பேர் பணம் எடுத்துவிட்டார்கள். இன்னும் 7 பேர் எடுக்கவில்லை. எல்லோரும் துறைமுகத்தில் மீன் விற்கும், கருவாடு காயப்போடும் பெண்கள்.

“நான் போயிட்டா அந்த ஏழு பேர் யாராண்ட போய் கேப்பாங்க? இப்ப தடைக்காலம் வேற.”

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் மீன் வரத்து குறைந்து, சீட்டுப் பணம் தாமதமாகத்தான் வரும். மற்ற வருடங்களில் குறைகிற பணத்தைத் தன் கையிலிருந்து போட்டுச் சமாளித்திருக்கிறார். இந்த வருடம் கையில் இல்லை.

மகனிடம் சொல்லலாமே என்றேன். அப்போது அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு முதல் நாள் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. “சீட்டைப் பத்திப் பேசினா நான் சாவப்போறேன்னு அவனாண்ட சொன்ன மாதிரி ஆயிடும். எனக்குக் கேன்சர்னே தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கான் பாவம். கரண்ட் வெச்சாங்களே, அது எதுக்கு வெப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? புள்ள தாங்க மாட்டான்னு நானும் சும்மா கெடந்தேன்.” கரண்ட் என்று அவர் சொன்னது கதிர்வீச்சை.

அம்மா தாங்க மாட்டார் என்று மகன் மறைத்தார். மகன் தாங்க மாட்டான் என்று அம்மா மறைத்தார். நடுவில் அந்த நோட்டு தலையணைக்கு அடியில் கிடந்தது. ‘தெரியாது’ என்று எழுதி இந்த மறைப்பில் நானும் ஒரு ஆளாகிவிட்டேன்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு, “கணக்காச் சொல்ல முடியாதும்மா. மாசக்கணக்குல இருக்கும்னு எனக்குத் தோணல. வாரக்கணக்குன்னு நெனச்சுக்கிட்டு, செய்ய வேண்டியதை இப்பவே செஞ்சிடலாம்” என்றேன். தலையை ஆட்டினார். அழவில்லை. மகனிடம் நான் பேசலாமா என்று கேட்டு அனுமதி வாங்கினேன்.

டீக்கடையில் மகனோடு

19ஆம் நாள், சூரியநாராயணா சாலையில் ஒரு டீக்கடையில் மகனைப் பார்த்தோம். எடுத்தவுடன் “உங்கம்மாவுக்குத் தெரியும்” என்று போட்டு உடைக்கவில்லை. ஏன் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு, முழுதும் கேட்டோம். அவர் அப்பாவுக்குக் கல்லீரல் கெட்டுப்போனபோது டாக்டர் வார்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாராம். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை, நான்கு நாளில் இறந்துவிட்டார். சொன்னதால்தான் செத்தார் என்று பத்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நம்பிக்கையோடு நாங்கள் சண்டை போடவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ளச் சொன்னோம்: அம்மா கேட்காததை நாங்களாகச் சொல்ல மாட்டோம், அம்மாவே கேட்டால் பொய் சொல்ல மாட்டோம். யோசித்துவிட்டுச் சரி என்றார். அதற்குப் பிறகுதான், அம்மா உங்களிடம் ஒரு கணக்கு பேச வேண்டும் என்கிறார் என்று சொன்னேன்.

21ஆம் நாள் வீட்டில் உட்கார்ந்தோம். உங்க உடம்பைப் பத்தி நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க என்று கேட்டதும் அவரே சொல்லிவிட்டார். மகன் எழுந்து வெளியே போய் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் யாரும் கூப்பிடவில்லை. உள்ளே வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். “நோட்டைக் குடு” என்றார்.

சீட்டுக் கூட்டம்

24ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் போகவில்லை, எங்கள் வேலை இல்லை அது. மருமகள் சொன்னதை எழுதுகிறேன். 16 பேர் வந்தார்கள். கட்டிலை வாசல் பக்கம் இழுத்துப் போட்டார்கள். அவர் நோட்டைப் பார்க்காமலே யார் எத்தனை கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார். இரண்டு பேர் கட்டிய பணத்தை இப்போதே திருப்பிக் கேட்டார்கள். கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. மருமகள் இனி சீட்டைப் பிடிப்பது, குறைந்தால் மகன் பொறுப்பு என்று முடிவாகி, மகன் நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த முறை நான் போனபோது அவர் சாவைப் பற்றிப் பேசவே இல்லை.

குழாய் வைப்பதா, வேண்டாமா

30ஆம் நாள் சிறுநீர் குறைந்து, கால் வீங்கி, பகலிலும் கண் சொக்கியபடி இருந்தார். ஸ்கேனில் இரண்டு சிறுநீர்க் குழாய்களையும் கட்டி அடைத்திருந்தது தெரிந்தது. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது, அதாவது சிறுநீரகம் கழிவை வெளியேற்றவில்லை. முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் குழாய் வைத்து சிறுநீரை வெளியே எடுக்கலாம் என்றார்கள் மருத்துவமனையில். மகன் உடனே செய்யச் சொன்னார்.

எங்கள் மருத்துவர் நோயாளிக்குத் தெளிவு இருக்கும் நேரம் பார்த்து, காலை 9 மணிக்குப் போய்ப் பேசினார். குழாய் வைத்தால் சில வாரமோ சில மாதமோ கூடலாம். ஆனால் குழாய் அடைக்கும், நகரும், கிருமி தொற்றும், அப்போதெல்லாம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டி வளர்வதை அது நிறுத்தாது. வைக்காவிட்டால் தூக்கம் கூடிக்கொண்டே போய், ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் முடியலாம்.

அவர் கேட்டது ஒன்றுதான். “மூணு மாடி எறங்கி ஏறணுமா?” ஆமாம் என்றார் மருத்துவர். “வேணாம். என்னை இந்தக் கட்டில்லயே வுட்டுடுங்க.”

இதைச் செய்யாமல் விடுவது சட்டப்படி குற்றமாகாதா என்று மகன் கேட்டார். சுயநினைவோடு இருக்கும் ஒருவர் தனக்கு ஒரு சிகிச்சை வேண்டாம் என்று சொல்வது அவர் உரிமை, அது தற்கொலை ஆகாது, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்று விளக்கினோம். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே அட்டையில் எழுதி, மகனையும் கையெழுத்துப் போட வைத்தோம்.

சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் மார்ஃபின் உடம்பில் தேங்கும். கை திடீர் திடீரென்று துள்ளுவதை மருமகள் வலிப்பு என்று பயந்து போன் செய்தார். தேங்கியதன் அறிகுறி அது. அளவை 5 மில்லிகிராமாகக் குறைத்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினோம். துள்ளல் நின்றது, வலியும் திரும்பவில்லை.

அந்த நாட்களில் விழித்திருக்கும்போது தன் எடுப்பை, அதாவது இறுதி ஊர்வலத்தைப் பற்றி நிறையப் பேசினார். மூலக்கொத்தளத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பார்க்க வேண்டும். பறை அடிக்கலாம். பட்டாசு மட்டும் வெடிக்கக் கூடாது, கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

41ஆம் நாள் இரவு

இந்தப் பகுதி எங்கள் தவறு.

இறுதி நாட்களில் விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தங்கி, மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வரும். கேட்பவர்களுக்குத்தான் அது கொடுமை. நோயாளி அநேகமாக அதை உணரும் நிலையில் இருப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பாதி குறையும், எச்சிலைக் குறைக்க ஊசியும் உண்டு. இதை நாங்கள் முன்கூட்டியே குடும்பத்துக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்திருந்தோம்.

இரவு 2 மணிக்கு அந்தச் சத்தம் தொடங்கியது. அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று மகன் 108ஐ அழைத்துவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடி இறக்கியிருக்கிறார்கள். ‘இந்தக் கட்டில்லயே வுட்டுடுங்க’ என்றவரை. எங்கள் அலுவலக எண் இரவில் எடுக்கப்படாது. மருத்துவமனையில் எங்கள் கடிதம் எதுவும் கையில் இல்லாததால், அங்கே இருந்தவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்: டிரிப், ஆக்சிஜன், ரத்தப் பரிசோதனை. காலை 8 மணிக்கு விஷயம் தெரிந்து எங்கள் மருத்துவர் நேரில் போய்ப் பேசி, மதியத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

43ஆம் நாள் மாலை, வீட்டில், அந்தக் கட்டிலிலேயே இறந்தார். மருமகள் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தடைக்காலம் முடிய இன்னும் 5 நாள் இருந்தது.

வீட்டில் இறந்தால் போலீஸ் வருமா, சான்றிதழ் கிடைக்குமா என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்தினார்கள். நோயால் வீட்டில் நிகழும் மரணத்துக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் மரணக் காரணச் சான்றான படிவம் 4ஏ கொடுத்தால் போதும், 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிய வேண்டும். எங்கள் மருத்துவர் அன்றே கொடுத்தார். மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள். பட்டாசு வெடிக்கவில்லை.

இனி மாற்றிச் செய்வது

‘தெரியுமா: ஆம் / இல்லை’ என்ற கட்டத்தை அட்டையிலிருந்து எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் நோயாளி தன் நோயைப் பற்றியும் சாவைப் பற்றியும் சொன்னதை, அவர் பேச்சிலேயே, தேதி போட்டு எழுதுகிறோம். இவருடைய வாக்கியங்களை அப்படி முதல் நாளிலிருந்து எழுதியிருந்தால், ‘கூட்டிக்கினு போவான்’ என்பது வாடைக்காக, ‘எத்தினி நாள்’ என்பது சீட்டுக்காக, ‘கட்டில்லயே வுட்டுடுங்க’ என்பது மூன்று மாடிக்காக என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும். நான் எல்லாவற்றையும் ‘நம்பிக்கை இழந்த பேச்சு’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

படிக்கட்டில் யார் நிறுத்திக் கேட்டாலும் ‘சரி’ சொல்வதில்லை. பொய் சொல்ல மாட்டோம், அவசரப்படவும் மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். சிலர் கோபப்படுகிறார்கள். ஒரு குடும்பம் எங்களை வர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

இரவு எண் ஒன்று வந்திருக்கிறது, நானும் இன்னொரு செவிலியரும் முறை வைத்து எடுக்கிறோம். நோயாளி எடுத்த முடிவை எழுதிய ஒரு பக்கக் கடிதம், மருத்துவர் கையெழுத்தோடு, பிளாஸ்டிக் உறையில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. கடைசி நாட்களில் மூச்சு எப்படி மாறும் என்பதை, நோயாளி படுக்கையோடு ஆன வாரமே வீட்டாரிடம் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று, இதை நான் அவர் இறந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 16ஆம் நாள் காரியம் முடிந்து துக்கம் விசாரிக்கப் போனபோது, அன்று சீட்டுக் குலுக்கல். எடுக்க வேண்டியவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பேத்திதான் சொம்புக்குள் கை விட்டுச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்று, அம்மாவுக்குக் கேட்காமல் கேட்டாள்: “சிஸ்டர், நான் வாசல்ல உக்காந்து சாப்ட்டேன்ல, அதனாலயா ஆயா செத்துச்சு?”

இல்லைடா என்று உட்கார வைத்து, நோய் எங்கே இருந்தது, அது யார் செய்ததாலும் வந்ததில்லை, நீ கட்டிலில் ஏறிக் காலை அமுக்கியது ஆயாவுக்கு எவ்வளவு பிடித்தது என்று சொன்னேன். 43 நாளில் அந்தக் குழந்தையிடம் நாங்கள் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நாங்கள் போகும் நேரம் காலை 10 மணி, பள்ளி நாட்களில் அப்போது குழந்தைகள் வீட்டில் இருப்பதில்லை, அதனால் அவர்களிடம் பேசும் பழக்கமே எங்களுக்கு இல்லை. இப்போது குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு மாதம் இரண்டு சனிக்கிழமையாவது போகிறோம்.